ஒழுகும் பாய்வள்ளத்துக்குக் கலப்பத்து அடிப்பது எப்படி

பழைய மரவள்ளம் ஒழுக ஆரம்பித்தால் பலருடைய கை முதலில் போவது பசை டப்பாவுக்குத்தான். உள்ளே குனிந்து உட்கார்ந்து, ஈரம் தெரிகிற இடத்தில் எபாக்சி மக்கையோ சிமெண்டையோ அப்பிவிட்டு மறுநாளே கடலுக்குப் போய்விடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கள் கடற்கரையில் நல்ல வள்ளங்கள் பல வயதாகிச் சாகவில்லை. உள்பக்கம் பூசிப் பூசியேதான் செத்தன.

நான் சொல்லப்போவது கலப்பத்து, அதாவது பலகை இடுக்கில் பஞ்சடித்து ஒழுகலை அடைக்கும் வேலை, அதுவும் தூத்துக்குடிப் பக்கத்து நாட்டு வள்ளத்தை வைத்து. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு சேர்த்து, வங்கில் (அதாவது விலாச் சட்டத்தில்) ஆணி அடித்துக் கட்டிய உடம்பு. புன்னைக்காயலில் என் அப்பா காலத்து வள்ளம் ஒன்றை நான் பார்த்துக்கொள்கிறேன். 32 அடி நீளம், ஆயினிப் பலகை, நாட்டுக்கருவேல வங்கு, பலகையின் கனம் ஒன்றேகால் அங்குலம், ஒற்றைப் பாய்மரம். சுற்றிலும் எல்லாரும் ஃபைபர் படகுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பிழைப்புக்கு அது சரிதான். ஆனால் மரவள்ளத்தை வைத்திருப்பவர், அல்லது எங்கோ தோப்பில் கவிழ்ந்து கிடந்ததை வாங்கி வந்தவர், அதை முறையாகப் பார்த்தால் இன்னும் நெடுங்காலம் ஓட்டலாம். இதே கட்டுமுறையில் செய்த எந்தப் பாய்ப்படகுக்கும் கீழே உள்ளது பொருந்தும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. பலகைக் கப்பல் ஒழுகத்தான் செய்யும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கப்பல்தான் ஞாபகம் வரும்.

இடுக்குக்குள் என்ன நடக்கிறது

இரண்டு பலகை சேரும் இடம் வெளியிலிருந்து பார்க்க ஒரு கோடு மாதிரி இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது ஆப்பு வடிவம். உள்பக்க விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், வெளிப்பக்கம் மெல்ல விரிந்திருக்கும். அந்த விரிவில் பஞ்சை உளியால் அடித்து இறுக்கி, மேலே கலவை பூசி மூடுவதுதான் கலப்பத்து.

தண்ணீரைத் தடுப்பது மேலே பூசிய கலவை என்று நினைக்கிறவர்கள் அதிகம். பெரும்பங்கு வேலையைச் செய்வது பஞ்சும் பலகையின் ஊறலும்தான். வள்ளம் தண்ணீரில் இறங்கியதும் பலகை ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்புகிறது. மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகுவது போலத்தான். உப்பிய பலகைகள் பஞ்சை இரண்டு பக்கமிருந்தும் நெருக்க, வள்ளத்தின் உடம்பே ஒரே கட்டாகிவிடுகிறது. ஆறு அங்குல அகலப் பலகை ஒன்று கரையில் மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வரை சுருங்கும். தண்ணீரில் போட்டால் அதைத் திரும்பப் பிடித்துவிடும். நீளவாக்கில் மட்டும் மரம் உப்புவதே இல்லை என்று சொல்லலாம். அதனால்தான் பலகைகளின் முனைகள் சந்திக்கும் இடங்கள் எப்போதும் தொல்லை தருகின்றன.

இப்போது எபாக்சிக்கு வருவோம். பலகை காய்ந்து சுருங்கியிருக்கும்போது இடுக்கை அது நிரப்பிக் கல்லாக இறுகிவிடுகிறது. வள்ளம் தண்ணீரில் இறங்குகிறது, பலகை உப்பப் பார்க்கிறது, போக இடமில்லை. அப்போது பலகையின் விளிம்பு நசுங்கும், இல்லையென்றால் ஆணி வங்கிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், சில சமயம் வங்கே பிளக்கும். அடுத்த முறை காயும்போது நசுங்கிய விளிம்பு முன்னைவிட அகலமான இடைவெளியை விட்டுவைக்கும். அதில் இன்னும் கொஞ்சம் எபாக்சி. இப்படி வருடா வருடம் ஒழுகல் கூடிக்கொண்டே போகும். இடுக்குக்குள் நாம் வைக்கும் எதுவும் பலகையைவிட மென்மையாக, நசுங்கி விரியக் கூடியதாக இருக்க வேண்டும். மீதி எல்லாம் இதிலிருந்து வருகிற விவரங்கள்தான்.

எந்த மாதத்தில் செய்வது

நான் மாசி, பங்குனியில் செய்வேன். மழை விட்டிருக்கும், மரம் வேலைக்கு வேண்டிய அளவுக்குக் காயும், ஆனால் சித்திரை வெயில் இன்னும் பலகையை வெடிக்க வைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எல்லாப் படகும் கரையேறி வேலை நடக்கும் நேரம் அது. பஞ்சடிக்கத் தெரிந்த ஒரு ஆசாரியை அப்போது நம் சின்ன வள்ளத்துக்குக் கூப்பிட்டால் கிடைக்க மாட்டார்.

வள்ளத்தைக் கரையேற்றாமல் இதைச் செய்ய வழியில்லை. பாவ்நகர் பக்கம் கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்; வற்றத்தில் படகு தானாகவே தரையில் உட்காரும். மன்னார் வளைகுடாவில் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. ஆகவே உருளைக்கட்டை, கயிறு, ஆட்கள் என்று எல்லாம் வேண்டும். இழுத்தபின் ஏராக்கட்டை (வள்ளத்தின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) முழு நீளத்துக்கும் தாங்கலில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முனையில் மட்டும் முட்டுக் கொடுத்து நடுவில் தொங்கவிட்டால் வள்ளம் வளைந்துவிடும். வளைந்த நிலையில் அடித்த பஞ்சு, தண்ணீரில் இறங்கியதும் தளர்ந்துவிடும். மேலே ஓலைப் பந்தல் போடுங்கள். தார்ப்பாயை உடம்போடு ஒட்டிக் கட்டினால் உள்ளே வேகும், காற்றுப் போக இடம் விடுங்கள்.

உண்மையான ஒழுகலா, வெறும் காய்ச்சலா

பல மாதம் கரையில் கிடந்த வள்ளத்தின் எல்லா இடுக்கிலும் பகல் வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து எல்லாவற்றிலும் பஞ்சை அடித்து நிரப்பக் கூடாது. அது வெயிலில் மரம் காய்ந்த காய்ச்சல்தான், நோய் இல்லை. முதலில் ஊறப் போடுங்கள். சாக்குகளை உப்புத் தண்ணீரில் நனைத்து உள்ளேயும் வெளியேயும் பலகையோடு ஒட்டிப் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள். ஒரு வாரத்தில் பாதி இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும். இதற்கு நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் மேல். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. கரையில் நிற்கும் வள்ளத்துக்குள் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பிவிடாதீர்கள். அந்தப் பாரம் பலகையை ஆணியிலிருந்து வெளியே தள்ளும். ஆழமில்லாத இடத்தில் ஓரிரு நாள் மூழ்கவிட்டு எடுப்பது நம் ஆட்கள் செய்து வரும் முறை. அதில் தவறில்லை, தண்ணீர் உள்ளேயும் வெளியேயும் சமமாக நிற்கும்.

ஊறிய பிறகும் எங்கே ஒழுகுகிறதோ அதுதான் வேலை செய்ய வேண்டிய இடம்.

உள்ளே தண்ணீர் தெரிகிற இடமும் அது நுழைகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அணியத்தில் (முன்முனையில்) நுழைந்த தண்ணீர் வங்கைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, ஏராவை ஒட்டி ஓடி, நடுவில் எங்கோ தேங்கி நிற்கும். ஆகவே வள்ளம் மிதக்கும்போதே உள்ளே சுத்தமாக இறைத்து, பழந்துணியால் ஒற்றி எடுத்து, சந்தேகப்படும் இடுக்குகள் மேல் காய்ந்த சுண்ணாம்புத் தூளைத் தூவுங்கள். நுழையும் தண்ணீர் அந்த வெள்ளையில் கோடு கிழித்துக் காட்டும். கரிக்கட்டியால் அங்கேயே குறி போட்டுவிடுங்கள். கரையேற்றிய பிறகு இன்னொரு சோதனை: உள்ளே நாலு விரல்கடை உயரம் மட்டும் தண்ணீர் விட்டு, வெளியே துடைத்துவிட்டு, எது முதலில் வியர்க்கிறது என்று பாருங்கள். அடிப்பகுதி ஒழுகலை இது கிட்டத்தட்ட அப்படியே காட்டிக்கொடுக்கும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் ஏராவை ஒட்டிய முதல் பலகை. பாய்வள்ளத்தில் பாய்மரத்தின் பாரம் முழுவதும் அதன் காலடியில் ஏராமேல் இறங்குகிறது. மரத்தைப் பிடித்திருக்கும் கயிறுகளோ வள்ளத்தின் பக்கங்களை மேலே இழுக்கின்றன. நடுவில் மாட்டிக்கொள்வது அந்த முதல் பலகையின் இடுக்கு. மரத்தின் காலடிக்கு முன்னும் பின்னும் ஒரு பாகம் (சுமார் ஆறடி) தூரத்துக்கு அதை விரலால் தடவிப் பாருங்கள். அடுத்தது பலகை முனைகள் அணியத்திலும் அமரத்திலும் (பின்முனையிலும்) வந்து முடியும் இடம், அப்புறம் சுக்கான் மாட்டியிருக்கும் இரும்பைச் சுற்றி.

துறையில் சும்மா கட்டிக் கிடக்கும்போது சொட்டுக்கூட இறங்காமல், பாய் விரித்து ஓடினால் மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் வருகிறதா? அப்படியென்றால் அடியைத் தேட வேண்டாம். நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் பலகைகள் எப்போதும் வெயிலில் காய்ந்துகொண்டே இருப்பவை. காற்றில் வள்ளம் சாயும்போது அவை தண்ணீருக்குள் போகின்றன, காய்ந்து திறந்த இடுக்கு வழியாகக் கடல் உள்ளே வருகிறது. கச்சான் என்ற மேற்குக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் குறையைப் பலர் அடிப்பலகை ஒழுகல் என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பாதி மருந்து நிறத்திலேயே இருக்கிறது. கறுப்புப் பெயிண்டும் தாரும் வெயிலை இழுத்துப் பலகையைச் சுடவைக்கும். மேல்பலகைக்கு வெள்ளை, வெளிர்நீலம், மஞ்சள் போன்ற நிறங்களைப் பூசுங்கள். இடுக்கு திறப்பது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறையும்.

பஞ்சுக்கு முன் ஆணி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெரியவர் பஞ்சை அவிழ்ப்பதற்கு முன்பு சின்னச் சுத்தியலோடு வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். "தம்பி, ஆணி பிடிக்காத பலகைக்குப் பஞ்சடிச்சா அந்தப் பஞ்சே பலகையைத் தள்ளிரும்" என்பார். அது அப்படியே உண்மை. ஒவ்வொரு அடியிலும் பஞ்சு இரண்டு பலகைகளைப் பிரிக்கத்தான் பார்க்கிறது. அந்தத் தள்ளலை எதிர்த்துப் பிடிப்பது ஆணிதான். ஆணி துருவில் மெலிந்திருந்தால், நீங்கள் அடிக்க அடிக்கப் பலகை வங்கைவிட்டு விலகும், இடுக்கு பெரிதாகும், இன்னும் பஞ்சு உள்ளே போகும்.

ஒவ்வொரு ஆணித்தலைக்குப் பக்கத்திலும் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, தட்டும்போது ஆணித்தலையைச் சுற்றி ஈரம் எட்டிப்பார்த்தாலோ, பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ அந்த ஆணி போய்விட்டது. இரும்பு துருப்பிடிக்கும்போது சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்துத் தின்றுவிடும். மெல்லிய குத்தூசியால் குத்திப் பாருங்கள்; வெண்ணெய்போல் இறங்கினால் அந்த மரம் ஆணியைப் பிடிக்காது. பழைய ஓட்டையிலேயே புதிய ஆணியை அடிப்பது வீண் வேலை. பழையதை எடுத்து, ஓட்டையில் மரமுளை அடித்து அடைத்து, ஓர் அங்குலம் தள்ளி நல்ல மரத்தில் துளையிட்டு, நாகமுலாம் பூசிய ஆணியை இறக்கி, வங்கின் உள்பக்கம் முனையை மடக்கி அடியுங்கள். துளையிடாமல் அடித்தால் கருவேலம் பிளக்கும். இரும்பு ஆணி இருக்கும் வள்ளத்தில் செம்பு ஆணியோ பித்தளைத் திருகோ கலக்காதீர்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் சேர்ந்தால் இரும்பு விரைவில் கரைந்துவிடும்.

வங்கும் கவனிக்க வேண்டியதுதான். உடைந்த வங்குக்குப் பக்கத்தில் எத்தனை முறை பஞ்சடித்தாலும் நிற்காது. பக்கத்திலேயே இன்னொரு வங்கைத் துணையாகப் போட்டு ஆணி அடித்த பிறகுதான் அங்கே உளியை வைக்க வேண்டும். உள்ளே யாராவது எப்போதோ சிமெண்ட் போட்டிருந்தால் அதையும் பெயர்த்து எடுத்துப் பாருங்கள். அதன் அடியில் தண்ணீர் தங்கி ஏராவை ஒட்டிய மரம் கறுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பழையதைச் சுரண்டி எடுப்பது

பழைய அரத்தின் முனையைக் காய்ச்சி வளைத்து, இடுக்கின் அகலத்துக்குத் தீட்டினால் நல்ல கொக்கி கிடைக்கும். அதை இடுக்கில் மாட்டி உங்களை நோக்கி இழுங்கள். பழைய கலவை ஓடாகவும், அடியில் பஞ்சு கயிறாகவும் வரும். பஞ்சு கறுத்து, நாறி, விரலில் பிய்ந்து வந்தால் அதன் காலம் முடிந்தது. வெளுப்பாக, இறுக்கமாக, எண்ணெய் மணத்தோடு இருந்தால் அதை எடுக்காதீர்கள்! மேலே கலவையை மட்டும் மாற்றினால் போதும். நன்றாக இருக்கும் இடுக்கைப் பிரித்துப் போடுவது வேலை தெரியாதவர் செய்வது.

கிரைண்டர் வைத்து இடுக்கை அறுக்கிறவர்களை இப்போது பார்க்கிறேன். வேகமாகத்தான் முடியும். ஆனால் சக்கரம் ஒருமுறை விலகினால் பலகையின் விளிம்பு போய்விடும். விளிம்பு போனால் பஞ்சு உட்கார இடமில்லை. எபாக்சி இறுகிக் கிடக்கும் இடத்தில்கூடச் சூடான காற்றால் இளக்கி, உளியால் மெதுவாகத்தான் எடுக்கிறேன்.

வள்ளம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. இடுக்கில் இறுகிய பஞ்சுதான் பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பிடித்து உடம்புக்கு விறைப்புக் கொடுக்கிறது. எல்லாவற்றையும் உருவிவிட்டால் பழைய வள்ளம் தன் வடிவத்தையே இழக்கும். வலப்பக்கம் ஓர் இடுக்கு, அதற்கு நேர் இடப்பக்கம் ஒன்று, இடையில் ஓர் இடுக்கை விட்டு அடுத்தது என்று போங்கள்.

பழைய பூச்சில் சிவப்பாக ஏதாவது இருந்தால் எச்சரிக்கை. அந்தக் காலத்தில் ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்துப் பூசுவது வழக்கம். அதன் தூள் மூச்சில் போனால் ஈயம் உடம்பில் தங்கும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடாமல் நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

சுத்தமான இடுக்கைப் பார்த்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிடும். உள்விளிம்புகள் தொட்டுக்கொண்டு, வெளியே மூன்று, நான்கு மில்லிமீட்டர் விரிந்திருந்தால் பஞ்சுக்குச் சரியான இடுக்கு. உள்ளே வெளிச்சம் தெரியும் அளவுக்கு விளிம்பு தேய்ந்திருந்தால் அடிக்கிற பஞ்சு நேரே உள்ளே போய் விழும். விரிவு சுண்டுவிரல் போகும் அளவுக்கு இருந்தாலும் பஞ்சு நிற்காது. அங்கே பலகையைவிட மென்மையான மரத்தில் மெல்லிய சட்டம் இழைத்து, ஒரு பக்கத்துப் பலகையோடு மட்டும் ஒட்டி, மறுபக்கத்தில் புதிதாக ஓர் ஆப்பு இடுக்கை உண்டாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் எபாக்சி கதைதான் மறுபடியும்.

சின்னச் சின்ன ஊசி ஓட்டைகள் தெரிந்தால் அது மரம் துளைக்கும் கடல்புழுவின் வேலை. வெளியே ஊசித் துளை, உள்ளே விரல் நுழையும் குகை. அந்தப் பலகையில் எவ்வளவு பஞ்சடித்தாலும் தண்ணீர் புழுவின் பாதை வழியாக வரும். பலகையின் அந்த நீளத்தை வெட்டி மாற்றுவதுதான் வழி. புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேர்வதால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஆற்றில் நல்ல தண்ணீர் வரும் நாட்களில் வள்ளத்தை உள்ளே ஏற்றிக் கட்டினால் புழு சாகும். ஆனால் அங்கேயே மாதக்கணக்கில் விட்டுவிடக் கூடாது, நல்ல தண்ணீரில் மரம் மக்க ஆரம்பிக்கும்.

பஞ்சும் உளியும்

இடுக்கின் இரண்டு விளிம்புக்கும் மர பிரைமரோ காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோ மெல்லிதாக ஒரு கை தடவி ஒரு நாள் விடுங்கள். காய்ந்த மரம் கலவையிலிருந்து எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் கலவை பொரிந்து உதிரும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பூச்சு.

பஞ்சு சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த கழிவு நூல் தண்ணீரில் உப்பாது, வேலைக்கு உதவாது. எங்கள் பக்கத்துக் கரிசல் நிலத்தில் விளையும் கருங்கண்ணிப் பருத்தி கிடைத்தால் விடமாட்டேன். இழை குட்டையாக, முரடாக, நல்ல ஊக்கத்தோடு இருக்கும். கடையில் கிடைக்கும் மற்ற பருத்தியும் போதும். பஞ்சைத் தொடையில் வைத்துத் தளர்வாக உருட்டித் திரியாக்குங்கள். முறுக்கினால் கயிறாகிவிடும், கயிறு இடுக்கின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்காது. திரியின் கனம் இடுக்கின் அகலத்தைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். எண்ணெய் சொட்டச் சொட்ட நனைப்பதும் எனக்குப் பிடிக்காது. அது உளியில் ஒட்டும், இடுக்குக்குள் வழுக்கும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு உருட்டினால் போதும்.

கலப்பத்து உளிக்குக் கூர் இருக்கக் கூடாது. நுனி இரண்டு மில்லிமீட்டர் கனத்தில், மழுங்கலாக, ஓரம் உருண்டு இருக்க வேண்டும். கூர் உளி பஞ்சை வெட்டிவிடும், வெட்டின பஞ்சு அடைக்காது. அடிக்க மரக் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்). இரும்புச் சுத்தியலால் அடித்தால் கைக்கு எதுவும் சொல்லாது.

முதலில் பலகை முனைகள் சந்திக்கும் செங்குத்து இடுக்குகளை முடித்துவிடுங்கள். அங்கே மரம் உப்பி உதவாது என்பதால் நீங்கள்தான் இறுக்கம் கொடுக்க வேண்டும். அப்புறம் நீள இடுக்குகள். திரியின் நுனியை இடுக்கில் வைத்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு இடத்தில் லேசாகக் குத்திக்கொண்டே போங்கள். இடுக்கு சற்று அகலமான இடத்தில் குத்துகளுக்கு நடுவே திரி சின்ன வளையமாக வெளியே நிற்கும்படி விடுங்கள், குறுகிய இடத்தில் நேராக இழுத்துப் போங்கள். இப்படிக் கைக்கெட்டிய தூரம் மாட்டிய பிறகு திரும்பி வந்து வளையங்களை உள்ளே தள்ளி, மூன்றாவது முறை இறுக்கி அடியுங்கள். ஆரம்பத்தில் கொட்டாப்புளி மந்தமாகச் சத்தம் போடும். பஞ்சு உட்கார உட்காரச் சத்தம் மேலேறி ஒரு கட்டத்தில் கட்டையில் கட்டை மோதுவது போல ஒலிக்கும், உளியும் கையில் லேசாகத் துள்ளும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஆணியைத்தான் இழுக்கும். அடித்து முடிந்த பஞ்சு பலகைக் கனத்தின் நடுப்பகுதியில் உட்கார்ந்து, அதன் மேல்மட்டம் வெளிமட்டத்திலிருந்து கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில் இருக்க வேண்டும். மேலே உள்ள இடம் கலவைக்கு.

எவ்வளவு இறுக்கம் என்பது மரத்தின் ஈரத்தைப் பொறுத்தது. நன்றாகக் காய்ந்த வள்ளத்தில் லேசாக அடியுங்கள், ஊறும்போது மீதியை மரமே பார்த்துக்கொள்ளும். காய்ந்த வள்ளத்தில் முழு பலத்தையும் காட்டினால், தண்ணீரில் உப்பும் நாளில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவரும். ஈரம் இருக்கும் வள்ளத்தில் இறுக்கி அடிக்கலாம். ஆகவே ஒரே ஆள் ஒரே கையால் முழு வள்ளத்தையும் அடிப்பது நல்லது. இரண்டு பேர் அடித்தால் இரண்டு விதமாக இறுகும்.

மேலே மூடுவது

நம் பழைய முறை குங்கிலியம். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். இடித்துத் தூளாக்கி, மிதமான சூட்டில் எண்ணெயோடு உருக்க வேண்டும். எண்ணெய் வீட்டுக்கு வீடு மாறும். வேப்பெண்ணெய், புன்னை எண்ணெய், மீன் எண்ணெய் எல்லாம் பார்த்திருக்கிறேன். அளவைவிடச் சோதனைதான் முக்கியம். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு எடுத்து விரலால் வளையுங்கள். ஒடிந்தால் எண்ணெய் சேருங்கள், விரலில் இழுபட்டால் குங்கிலியம் சேருங்கள், ஒடியாமல் வளைந்தால் சரி. குங்கிலியம் தீப்பிடித்தால் ஆபத்து. பந்தலுக்கு வெளியே, காற்று மறைப்பில் அடுப்பு வையுங்கள், பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

இந்த அடுப்பு வேலை வேண்டாம் என்றால் சீமைச் சுண்ணாம்புத் தூளை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து, இறுகாமல் இருக்கக் கொஞ்சம் கிரீஸ் சேர்த்து மக்கு செய்துகொள்ளலாம். நான் நீர்மட்டத்துக்குக் கீழே பெரும்பாலும் இதைத்தான் வைக்கிறேன். குழாயில் வரும் பாலிசல்பைடு சீலண்டும் மென்மையாகவே இருக்கும், நல்லதுதான், விலை கூடுதல். பாலியூரித்தேன் அளவுக்கு மீறி ஒட்டும். அடுத்த முறை இடுக்கைத் திறப்பவர் பலகையைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சிலிக்கான் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பட்ட மரத்தில் அப்புறம் பெயிண்ட் உட்பட எதுவும் பிடிக்காது.

எதை வைத்தாலும் பலகை மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்வாங்கி, விரலால் வழித்து விடுங்கள். மட்டமாக நிரப்பினால், பலகை உப்பும்போது கலவை வெளியே பிதுங்கி வரப்பு கட்டும். பிறகு சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்த அடிப்பூச்சோ, உங்கள் வழக்கமான அடிப்பெயிண்டோ பூசுங்கள். இடுக்கின் ஓரத்தில் பூச்சு விட்டுப்போனால் கடல்புழு நுழைவது அங்கேதான்.

இறக்கிய முதல் நாட்கள்

இறக்கியதும் ஒழுகும். பதற வேண்டாம். பாய் ஏற்றாமல், ஆழமில்லாத இடத்தில் கட்டி, பக்கத்திலேயே இருந்து இறையுங்கள். இறைக்கும் பாத்திரக் கணக்கை மணிக்கு ஒருமுறை குறித்து வைத்தால் மனம் அமைதியாக இருக்கும், எண்ணிக்கை இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு, மூன்று நாளில் கிட்டத்தட்ட நின்றுவிடும். நாலாவது நாளும் அதே அளவு வந்தால் எங்கோ ஆணியோ முனை இடுக்கோ விட்டுப்போயிருக்கிறது, சுண்ணாம்புத் தூளோடு மறுபடி தேடுங்கள். பாய் ஏற்றுவதை ஒரு வாரம் தள்ளிப் போட்டால் நல்லது. ஊறி முடியாத வள்ளத்தைச் சாய்த்து ஓட்டினால் பலகைகள் ஒன்றோடொன்று உரசி, புதுப் பஞ்சைத் துப்பிவிடும்.

நடுக்கடலில் ஓர் இடுக்கு விட்டுக்கொடுத்தால், முதலில் பாயை மாற்றி, ஒழுகும் பக்கம் மேலே வரும்படி சாய்த்து ஓட்டுங்கள். மேல்பலகை ஒழுகல் என்றால் அதிலேயே நின்றுவிடும். அடிப்பலகை என்றால் பாயை இறக்கி, வேகத்தைக் குறைத்து, கிரீஸ் தடவிய துணித் திரியை உள்ளிருந்து கத்தி முதுகால் மெதுவாகத் தள்ளுங்கள். உளியும் சுத்தியலும் எடுத்து உள்ளிருந்து அடித்தால், இருக்கும் பஞ்சும் வெளியே போய்விடும். மெல்லிய மரத்தூள் ஒரு பை வள்ளத்தில் எப்போதும் வைத்திருங்கள். நீளக் கம்பில் கட்டிய சிரட்டையில் தூளை நிரப்பி, கவிழ்த்தபடி தண்ணீருக்குள் இறக்கி, அடியில் அந்த இடுக்குக்கு நேராகக் கொண்டுபோய்க் குலுக்கினால், உள்ளே இழுக்கும் தண்ணீரே தூளை இடுக்குக்குள் கொண்டுபோய் வைக்கும். தூள் ஊறி உப்பி, கரை சேரும் வரை தாக்குப்பிடிக்கும். பெரிய திறப்பாக இருந்து கிரீஸ் துணி வைத்துத் தகரம் அடிக்க வேண்டி வந்தால், கரையேறிய அந்த வாரமே தகரத்தைக் கழற்றிவிடுங்கள். அடியில் ஈரம் தங்கி, நல்ல பலகையையும் சேர்த்து மக்கவைத்துவிடும்.